முகப்பழக்கம் போட்ட பாதை

2005 ஜூலை 26, செவ்வாய்க்கிழமை. மும்பை சாந்தாகுருஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவான நாள். மித்தி ஆறு கரை தாண்டியது. தாராவியில் எங்கள் சந்துக்குள் அம்மாவின் இடுப்பளவுக்குத் தண்ணீர். மதியத்துக்குப் பிறகு லோக்கல் ரயில் ஓடவில்லை. சாயங்காலம் கரண்ட் போனது, பக்கத்துக் கடையிலிருந்த போனும் செத்துப்போனது. அப்பா அந்தேரி கிழக்கில் ஒரு பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். இருட்டிய பிறகும் வீடு வந்து சேரவில்லை.

எதிர்வீட்டு டாக்சிக்காரர், பாந்த்ராவில் விட்டுவிட்டு வந்த வண்டி என்ன ஆனதோ என்று பார்க்கக் கிளம்பினார். அம்மா அவரை மறித்துச் சொன்னாள்: "அண்ணாச்சி, நீங்க அந்தப் பக்கந்தான போறீய. அவுகளப் பாத்தா, பிள்ளைய எல்லாம் சுகம்னு ஒரு வார்த்த சொல்லிருங்க." அவரும் தலையாட்டிவிட்டுப் போனார். அந்தச் செய்தி அப்பாவைச் சேரவேயில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்குச் சந்தில் ரப்பர் ஹாரன் சத்தம் கேட்டது. தினமும் சைக்கிளில் இட்லி கொண்டுவருகிறவர், அன்று சைக்கிள் இல்லாமல், தலையில் பாத்திரமும் கையில் சைக்கிளிலிருந்து கழற்றிய ஹாரனுமாகத் தண்ணீரில் நடந்து வந்தார். பாத்திரத்தை இறக்கிவைப்பதற்கு முன்பே அம்மாவிடம் சொன்னார்: "அக்கா, அண்ணாச்சி அந்தேரில பட்டறை மாடியில பத்திரமா இருக்காகளாம். தண்ணி வடிஞ்சதும் வருவாக. வெசனப்படாதீய."

அந்த வார்த்தை எப்படி வந்தது என்பதை அப்பா பிறகு ஒவ்வொருவராகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். சாயங்காலம் ஐந்து மணிவாக்கில், பட்டறை வாசல் வழியாக ஓர் இளைஞர் நடந்து போயிருக்கிறார். மாட்டுங்கா ரோடு ஸ்டேஷனில் தினமும் அதே ஏழரை மணி வண்டியில் கதவோரம் நிற்பவர். அப்பாவுக்கு அவர் பெயர் தெரியாது, அவருக்கும் அப்பா பெயர் தெரியாது. வெறும் முகப்பழக்கம். தாராவிக்குத்தான் நடந்து போகிறார் என்று தெரிந்ததும் அப்பா சேதி சொல்லி அனுப்பினார். அவர் வந்து சேர்ந்தபோது நடுநிசி தாண்டிவிட்டது. எங்கள் வீடு அவருக்குத் தெரியாது. ஆனால் ரயிலுக்குப் போகுமுன் அப்பா டீ குடிக்கும் நைன்டி ஃபீட் ரோடு கடை தெரியும். அங்கே சொல்லிவிட்டுப் போனார். விடியற்காலை நாலு மணிக்கு அந்தக் கடைக்கு வருகிறவர் இட்லிக்காரர். அவருக்கு எங்கள் சந்தில் எல்லா வீடும் தெரியும்.

மூன்று கை மாறி, 14 மணி நேரத்தில் வந்துவிட்டது. டாக்சிக்காரர் போனதும் சரியான திசைதான். ஆனால் அப்பாவைச் சந்திக்கிற வழக்கம் அவருக்கு இல்லை. இட்லிக்காரர் அந்தேரிப் பக்கமே போகாதவர், இருந்தும் சேதி அவர் வழியாகத்தான் வந்தது. நான் பின்னாளில் நெட்வொர்க் வேலைக்கு வந்து, நகரும் கருவிகளுக்கிடையே செய்தியை எப்படி வழிநடத்துவது என்று படிக்கத் தொடங்கியபோது, இந்த வித்தியாசத்தை விளக்குவதற்காக ஒரு துறையே உழைத்திருப்பதைப் பார்த்தேன்.

பக்கத்துப் பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பேர் போனில் பேசினாலும், அந்தப் பேச்சு தெருமுனை டவருக்குப் போய், அங்கிருந்து கம்பெனியின் சுவிட்சுக்குப் போய், திரும்பி வந்துதான் அடுத்த வீட்டுக்குள் நுழைகிறது. டவருக்குக் கரண்ட் இல்லையென்றாலும், அளவுக்கு மீறி எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிட்டாலும், கை நீட்டினால் தொடுகிற தூரத்திலிருக்கும் இரண்டு போன்களும் ஒன்றையொன்று அறியாமல் நிற்கும். 2006 ஜூலை 11 அன்று வெஸ்டர்ன் லைன் ரயில்களில் குண்டு வெடித்த சாயங்காலம், டவர் இருந்தும் லைன் கிடைக்காமல் இந்த நகரம் எப்படித் தவித்தது என்பது அன்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும்.

டவரை நம்பாமல் போன்களே ஒன்றுக்கொன்று நேராகப் பேசி அமைத்துக்கொள்வதுதான் மொபைல் அட்ஹாக் நெட்வொர்க். புளூடூத்தோ வைஃபையோ போதும். 1990களில் இதற்காக எழுதப்பட்ட டிஎஸ்ஆர், ஏஓடிவி போன்ற வழிமுறைகள், செய்தியை அனுப்புவதற்கு முன்பே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு முழுச் சங்கிலியைத் தேடிக் கண்டுபிடிக்கும். அ-விலிருந்து ஆ, ஆ-விலிருந்து இ, இ-யிலிருந்து ஈ. நாலு பேரும் அந்த நொடியில் கைக்கெட்டும் தூரத்தில் வரிசையாக நிற்க வேண்டும். ஒருவர் நகர்ந்தாலும் சங்கிலி அறுந்துவிடும், தேடலை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். கல்லூரி வளாகத்துக்கு இது சரிப்படலாம். அந்தேரிக்கும் தாராவிக்கும் இடையே, ஆளுக்கு ஆள் பத்து மீட்டர் இடைவெளியில், அன்று இரவு அப்படியொரு வரிசை எந்த நொடியிலும் இருந்திருக்க முடியாது.

2003இல் கணினி ஆய்வாளர் கெவின் ஃபால் எழுதிய கட்டுரை இந்தப் பிடிவாதத்தைத் தளர்த்தியது. கோடிக்குக் கோடி பாதை இப்போதே இருந்தாக வேண்டியதில்லை. கிடைத்தவரிடம் கொடு, அவர் வைத்திருக்கட்டும், சுமந்து போகட்டும், அடுத்தவரைப் பார்க்கும்போது கைமாற்றட்டும். தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும் நெட்வொர்க் என்று இதற்குப் பெயர். கோள்களுக்கிடையே செய்தி அனுப்ப நினைத்தவர்களிடமிருந்து வந்த யோசனை இது, ஆனால் மண்ணில்தான் முதலில் பலன் தந்தது. பெங்களூருவை ஒட்டிய தொட்டபள்ளாப்பூர் தாலுகாவில், டாக்நெட் என்ற அமைப்பு பஸ்ஸில் ஒரு வைஃபை பெட்டியைப் பொருத்தி ஓட விட்டது. பஸ் கிராமத்தைக் கடக்கும்போது அங்குள்ள கணினியிலிருந்து விண்ணப்பங்களை வாங்கிக்கொள்ளும், தாலுகா தலைமையிடத்தை அடைந்ததும் இறக்கிவிடும்.

பஸ்ஸுக்கு நேரம் தெரியும், தடம் தெரியும். வீட்டுச் சாப்பாட்டை வேலையிடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் மும்பையின் டப்பாவாலாக்களும் அப்படித்தான். டப்பா மூடியிலிருக்கும் குறியைப் பார்த்து எந்த ஸ்டேஷனில் இறக்குவது, எந்தக் கட்டடத்துக்குக் கொண்டுபோவது என்று சொல்லிவிடுவார்கள். அட்டவணை தெரிந்த வலையில் வழி கண்டுபிடிப்பது கணக்கு. அட்டவணை இல்லாத இடத்தில், அதாவது யார் யாரை எப்போது பார்ப்பார் என்று எழுதிவைக்காத மனிதக் கூட்டத்தில், எதிரே வருகிறவர் கையில் செய்தியைக் கொடுக்கலாமா கூடாதா என்ற முடிவு ஊகத்தின் வேலை. அந்த ஊகத்தை எதை வைத்துச் செய்வது?

ஊகிக்கவே வேண்டாம், எல்லோருக்கும் கொடு என்பது ஒரு பதில். அமீன் வாதத்தும் டேவிட் பெக்கரும் 2000இல் முன்வைத்த எபிடெமிக் ரௌட்டிங், பெயருக்கேற்றபடி கொள்ளைநோய் மாதிரி பரவும். இரண்டு போன்கள் சந்தித்தால் ஒன்றிடம் இருப்பதும் மற்றதிடம் இல்லாததும் எவை என்று பட்டியலை ஒப்பிட்டு, இல்லாததையெல்லாம் வாங்கிக்கொள்ளும். போனில் இடமும் பேட்டரியும் வற்றாதிருந்தால் இதைவிட வேகமான வழி கிடையாது. ஆனால் தாராவியில் ஒரு லட்சம் பேர் ஆளுக்கொரு செய்தி அனுப்பினால், ஒவ்வொரு போனும் ஒரு லட்சம் செய்தியைச் சுமக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் எல்லா போனும் அணைந்துவிடும்.

பிரதிகளை எண்ணிக் கொடு என்பது இன்னொரு பதில். ஸ்பைரோபௌலோஸும் கூட்டாளிகளும் 2005இல் சொன்ன ஸ்ப்ரே அண்ட் வெயிட் முறையில், எட்டுப் பிரதி என்று முடிவு செய்தால் முதலில் பார்க்கிறவரிடம் நாலு, அவர் அடுத்தவரிடம் இரண்டு என்று பாதிப் பாதியாகப் பிரித்து, ஒற்றைப் பிரதி கையிலிருக்கிறவர் பெறவேண்டியவரையே நேரில் பார்க்கும்வரை காத்திருப்பார். செலவு கட்டுக்குள் நிற்கும். ஆனால் அந்த எட்டுப் பேரும் யாரோ எட்டுப் பேர்.

மூன்றாவது பதில், பழைய சந்திப்புகளைக் கேட்டுப் பார்ப்பது. அண்டெர்ஸ் லின்ட்கிரன், அவ்ரி டோரியா, ஓலொவ் ஷெலேன் மூவரும் 2003இல் முன்மொழிந்த புரோஃபெட் என்ற முறையை நான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன். இதன் கணக்கைக் காகிதத்திலேயே போட்டுப் பார்க்கலாம், அது எங்கே சறுக்குகிறது என்பதும் கண்ணுக்குத் தெரியும்.

ஒவ்வொரு போனும் தான் சந்தித்த ஒவ்வொரு போனுக்கும் ஓர் எண் வைத்திருக்கும், பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்குள். முதல் சந்திப்பில் 0.75. மறுபடி சந்தித்தால், ஒன்றை எட்ட எவ்வளவு பாக்கியோ அதில் முக்கால் பங்கு கூடும். சந்திக்காத ஒவ்வொரு காலக்கூறுக்கும் எண் 0.98ஆல் பெருக்கப்பட்டுத் தேயும். காலக்கூறு ஒரு மணி நேரம் என்று நான் வைத்துக்கொள்கிறேன். ஏழரை மணி வண்டியில் தினம் ஒருமுறை பார்க்கிறவருக்கு, பார்த்த கையோடு எண் 0.89 அளவில் நிற்கும், 24 மணி நேரத்தில் 0.55க்கு இறங்கும், மறுநாள் பார்த்ததும் 0.89க்கு ஏறும். கூட்டாளியின் கூட்டாளிக்கும் கணக்கு உண்டு. நான் டீக்கடைக்காரரைத் தினம் பார்க்கிறேன், அவர் இட்லிக்காரரைத் தினம் பார்க்கிறார் என்றால், நான் பார்த்தேயிராத இட்லிக்காரருக்கும் என் போனில் 0.2 அளவுக்கு ஒரு மதிப்பு விழும். செய்தியோடு நிற்கும்போது எதிரே வருகிறவரின் எண், பெறவேண்டியவரைப் பொறுத்தவரை என்னுடையதைவிடப் பெரிதாக இருந்தால் ஒரு பிரதி கொடுத்துவிடுவேன். 2012இல், இணைய நெறிமுறைகளை வெளியிடும் ஆர்எஃப்சி வரிசையில் 6693 என்ற எண்ணில் இது ஆவணமாகவே வெளிவந்தது. வட சுவீடனில் கலைமான் மேய்க்கும் 'சாமி' என்ற பழங்குடி மக்களுக்கு இணையம் கொண்டுபோகும் முயற்சியோடு சேர்ந்து வளர்ந்த முறை இது.

இனி சறுக்குமிடம். செம்பூர் சேடா நகர் முருகன் கோயிலில் ஞாயிறுதோறும் ஒருவரைத் தவறாமல் பார்க்கிறீர்கள் என்று வையுங்கள். ஞாயிறு காலை 0.76. திங்கள், செவ்வாய் என்று தேய்ந்து தேய்ந்து சனிக்கிழமை காலை அந்த எண் 0.04 ஆகியிருக்கும். மறுநாள் அவரைப் பார்ப்பது உறுதி என்று உங்களுக்குத் தெரியும், போன் அவரை அந்நியர் என்று நினைத்துக்கொண்டிருக்கும். மே மாத லீவுக்கு ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்பினால், தினம் பார்த்த ரயில் கூட்டாளிகூட 0.01க்குக் கீழே போயிருப்பார். காலக்கூற்றை நீட்டிக் குறைத்தால் எண்கள் மாறும், சிக்கல் அப்படியே இருக்கும். நேற்று எத்தனை தடவை, முந்தாநாள் எத்தனை தடவை என்று மட்டும் எண்ணுகிற கணக்குக்கு, மனிதர்கள் கூட்டம் கூட்டமாக, முறை வைத்து வாழ்கிறார்கள் என்பது தெரியாது.

இந்த இடத்தில்தான் கணினி ஆட்கள் சமூகவியல் அலமாரியைத் திறந்தார்கள். அங்கே ஏற்கெனவே நிறைய வேலை நடந்திருந்தது. ஸ்டான்லி மில்கிராமும் ஜெஃப்ரி டிராவர்ஸும் 1969இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் நெப்ராஸ்காவிலும் பாஸ்டனிலும் 296 பேரிடம் கடிதக்கட்டைக் கொடுத்து, பாஸ்டனில் வேலை பார்க்கும் ஒரு பங்குத் தரகருக்கு, தெரிந்தவர் வழியாக மட்டுமே அனுப்பச் சொன்னார்கள். 64 வந்து சேர்ந்தன. அந்த 64இல் 16 கடிதம், தரகர் குடியிருந்த ஊரின் ஒரே ஒரு துணி வியாபாரியின் கை வழியாக வந்திருந்தது. எல்லோரும், யாரும் யாருக்கும் 'ஆறு கை தூரம்' என்பதைத்தான் அந்த ஆய்விலிருந்து எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அந்தத் துணி வியாபாரிதான் முக்கியம். எங்கள் இட்லிக்காரர் அவர்.

இப்படிப் பலருக்கும் நடுவே பாலமாக நிற்பதை அளக்க 1977இல் லின்டன் ஃப்ரீமன் ஒரு வாய்ப்பாடு கொடுத்தார். ஒரு வலையில் எந்த இரண்டு பேரை எடுத்தாலும் அவர்களுக்கிடையே குறுக்குவழி யார் வழியாகப் போகிறது என்று பார்ப்பது. அதிகமான குறுக்குவழிகள் யார் மீது ஏறிப் போகின்றனவோ அவருக்கு இடைநிலை அதிகம். அதற்கு நாலு வருஷம் முன்பே மார்க் கிரானவெட்டர், நெருங்கிய உறவைவிட மேலோட்டமான பழக்கம்தான் ஒரு வட்டத்துச் செய்தியை இன்னொரு வட்டத்துக்குக் கொண்டுபோகிறது என்று காட்டியிருந்தார். அப்பாவின் நெருங்கிய கூட்டாளிகள் எல்லோரும் அன்று அதே பட்டறை மாடியில்தான் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் எத்தனை தடவை சொன்னாலும் சேதி மாடியை விட்டு இறங்காது. பெயர் தெரியாத இளைஞர்தான் இறக்கினார்.

இந்த அறிவை வழிமுறையாக எழுதியவர்களில் இரண்டு கூட்டத்தாரைச் சொல்ல வேண்டும். டப்ளினில் எலிசபெத் டேலியும் மாட்ஸ் ஹாரும் 2007இல் கொண்டுவந்த சிம்பெட், எதிரே வருகிறவரிடம் இரண்டு விஷயம் கேட்கும்: பெறவேண்டியவரோடு உனக்குப் பொதுவான ஆட்கள் எத்தனை பேர், உன் இடைநிலை எவ்வளவு. இரண்டையும் சேர்த்து முடிவெடுக்கும். கேம்பிரிட்ஜில் பான் ஹுய், ஜான் கிராக்ராஃப்ட், எய்கோ யோனெகி மூவரும் 2008இல் கொண்டுவந்த பபிள் ராப், இதை இரண்டு படியாகப் பிரித்தது. ஒவ்வொருவருக்கும் இரண்டு தரவரிசை: ஊர் முழுவதையும் பார்த்தால் எத்தனை பேரோடு கலந்து பழகுகிறவர் என்பது ஒன்று, தன் சொந்த வட்டத்துக்குள் எப்படி என்பது இன்னொன்று. பெறவேண்டியவரின் வட்டத்து ஆள் கண்ணில் படும்வரை செய்தி ஊர்த் தரவரிசையில் ஏறிக்கொண்டே போகும், தண்ணீருக்குள் குமிழி மேலே ஏறுவது போல. வட்டத்து ஆளைத் தொட்டதும் ஊர்த் தரவரிசையை விட்டுவிட்டு, வட்டத்துக்குள் உள்ள தரவரிசையில் ஏறி, பெறவேண்டியவரைச் சேரும். ரயில் இளைஞரிடமிருந்து டீக்கடைக்கு ஏறியது முதல் படி. டீக்கடையிலிருந்து இட்லிக்காரர் வழியாக எங்கள் சந்துக்குள் வந்தது இரண்டாம் படி.

ஒரு போனுக்குத் தன் தரவரிசை எப்படித் தெரியும்? ஊர் முழுவதின் வரைபடமும் கையில் இருந்தால்தானே ஃப்ரீமனின் கணக்கைப் போட முடியும். ஹுய் குழு இதற்குக் கண்டுபிடித்த எளிய வழியைப் பெரிய சாதனையாகவே நினைக்கிறேன். ஆறு மணி நேரத்துக்கு எத்தனை வெவ்வேறு ஆட்களைச் சந்தித்தோம் என்று எண்ணி, முந்தைய பொழுதுகளோடு சேர்த்துச் சராசரி எடுத்தாலே, அந்தப் பெரிய கணக்கின் விடைக்குக் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. யாரிடமும் எதையும் கேட்க வேண்டாம். இதையெல்லாம் அவர்கள் ஊகத்தில் சொல்லவில்லை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 2004இல் தொடங்கி ஒன்பது மாதம் 100 நோக்கியா போன்களில் சேர்த்த புளூடூத் சந்திப்புப் பதிவு, 2005இல் ஒரு மாநாட்டில் 41 பேரிடமிருந்து சிறு கருவிகளால் எடுத்த பதிவு என்று நிஜச் சந்திப்புகளின் மேல் ஓட்டிப் பார்த்தார்கள். புரோஃபெட் சேர்க்கும் அளவுக்குச் செய்தியைப் பபிள் ராப் சேர்த்தது, அதைவிடக் குறைந்த பிரதிகளில்.

நூறு கல்லூரி ஆட்களும் நாற்பது மாநாட்டு விருந்தினர்களும் மும்பை ஆகிவிட மாட்டார்கள். இந்த ஊரில் இது எப்படி நடந்துகொள்ளும் என்று யோசிக்கும்போது, முதலில் உறுத்துவது ரயில் பெட்டிதான். காலை எட்டரைக்குத் தாதரில் ஏறிப் பாருங்கள். மூச்சு முட்டும் நெரிசலில் நூற்றுக்கணக்கான போன்கள். ஆறு மணி நேரத்தில் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையை நம்பினால், விராரிலிருந்து சர்ச்கேட்வரை போகிறவர் எல்லோருமே ஊரின் பெரிய பாலங்கள் என்று ஆகிவிடும். அவர்களில் பெரும்பாலோரை மறுபடி பார்க்கவே போவதில்லை. இன்னொரு பக்கம், மனித உடம்பில் தண்ணீர் அதிகம், புளூடூத் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உடம்பு நன்றாகவே உறிஞ்சும். பத்து மீட்டர் எட்ட வேண்டிய புளூடூத், அந்த நெரிசலில் நாலு ஆளைத் தாண்டினாலே பெரிய விஷயம்.

எத்தனை பேர் என்பதோடு எத்தனை தடவை, எவ்வளவு நேரம் என்பதையும் கேட்க வேண்டும். ஹுய் அப்படித்தான் சந்திப்புகளை நாலாகப் பிரித்தார்: அடிக்கடி, நெடுநேரம் என்றால் வட்டத்து ஆள், எப்போதாவது, நெடுநேரம் என்றால் நண்பர், எப்போதாவது, சிறிது நேரம் என்றால் அந்நியர், அடிக்கடி, சிறிது நேரம் என்றால் முகப்பழக்கம். இந்தக் கடைசி வகைக்குப் பெயர் கொடுத்தவரும் மில்கிராம்தான். 1972இல் வெளிவந்த அவருடைய ஆய்வில், ரயில் நிலையங்களில் நின்று, பயணிகளின் படத்தை அவர்களிடமே காட்டி விசாரித்தபோது, சராசரியாக ஒருவருக்கு நாலு பேரின் முகம் தெரிந்திருந்தது ஆனால் பேசியதில்லை. பேசிப் பழகியவர்கள் ஒன்றரைப் பேர். மும்பை ரயிலில் இந்த விகிதம் எவ்வளவோ தலைகீழாகக்கூட இருக்கலாம். பூஜை போட்டு, பஜனை பாடி, காய் நறுக்கி, பிறந்தநாள் கொண்டாடும் ரயில் கூட்டாளிகள் இங்கே உண்டு. ஆனால் அதே பெட்டியின் மறு கதவில் நிற்பவர் முகப்பழக்கம்தான். பெட்டிக்குப் பெட்டி தாண்டுவது அவர்தான்.

லேடீஸ் பெட்டி இன்னொரு விஷயம். ஒரே வண்டியில் ஒரே நேரத்தில் போகிற ஆண்களின் வலையும் பெண்களின் வலையும் பயணம் முழுக்கத் தொட்டுக்கொள்வதில்லை. பிளாட்பாரத்திலும் வீட்டிலும்தான் சேரும். சந்திப்புப் பதிவை மட்டும் பார்க்கிற மென்பொருள் இவற்றை இரண்டு ஊராக நினைத்துக்கொள்ளும். சாயங்காலம் மாட்டுங்கா மார்க்கெட்டில் பூ வாங்க நிற்கிற கூட்டம்தான் அந்த இரண்டு ஊரையும் ஒட்டும் பசை.

நேரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒருவரைப் பார்த்த பிறகு மறுபடி பார்க்க எவ்வளவு நேரமாகிறது என்று அகஸ்டின் ஷைன்ட்ரோவும் கூட்டாளிகளும் அளந்தபோது, சராசரி என்ற சொல்லுக்கே அர்த்தமில்லாத அளவுக்கு அந்த இடைவெளிகள் பரந்து கிடந்தன. சில நிமிடம் முதல் பல மணி நேரம் வரை. காத்திருந்து பயனில்லை என்று சொல்வதற்கு ஒப்பான முடிவு அது. 2007இல் காராஜியானிஸ், லெ புதெக், வொய்னோவிச் மூவரும் அதே பதிவுகளைத் தள்ளி நின்று பார்த்து, சுமார் அரை நாள் வரைதான் அப்படி, அதற்குமேல் நீளும் இடைவெளிகள் வேகமாக அருகிவிடுகின்றன என்று காட்டினார்கள். மும்பையில் இருப்பவருக்கு அந்த அரை நாள் ஆச்சரியம் தராது. காலையில் தெற்கே போன கூட்டம் சாயங்காலம் வடக்கே திரும்புகிற ஊர் இது. காலை வண்டியில் விட்ட செய்தி, சாயங்கால வண்டியில் எடுபட்டுவிடும்.

தாராவி இருக்கும் இடத்தையும் பாருங்கள். மேற்கே மாகிம், மாட்டுங்கா ரோடு ஸ்டேஷன்கள் வெஸ்டர்ன் லைனில். கிழக்கே சயான் சென்ட்ரல் லைனில். இரண்டு லைனும் அருகருகே ஓடினாலும் கூட்டம் கலப்பது தாதர் போன்ற சில ஸ்டேஷன்களில்தான். ஒரே வீட்டில் அண்ணன் மேற்கே ஏறி, தம்பி கிழக்கே ஏறி, இரவு ஒரே தட்டில் சோறு பிசைகிற இடம் தாராவி. ஃப்ரீமனின் கணக்கை இந்த ஊரின் மேல் ஓட்டினால், குறுக்குவழிகள் எங்கே குவியும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எனக்குக் கவலை தருவதும் அதே கணக்குத்தான். நல்ல ஆளாகப் பார்த்துக் கொடு என்று எல்லா போனும் நினைத்தால், எல்லா செய்தியும் சில பேர் மேல் போய் இறங்கும். இந்த ஊரில் அந்தச் சிலர் யார்? இட்லிக்காரர், பால் போடுபவர், பூக்காரம்மா, நாலு வீட்டில் வேலை செய்யும் அக்கா. காலை நாலு மணிக்கு எழுந்து, ஐம்பது வாசல் ஏறி இறங்குகிறவர்கள். பழைய போன், பாதிக்கு மேல் நிற்காத பேட்டரி, நாள்கணக்குப் பார்த்து ரீசார்ஜ். இருக்கிறதிலேயே மெலிந்த போன் மேல் ஊரின் மொத்தச் சுமையையும் ஏற்றுகிற வழிமுறை, அளவீட்டில் எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும், பேட்டரி தீர்ந்த மூன்றாம் மணி நேரத்தில் அந்தப் பாலத்தோடு சேர்ந்து இடிந்துவிடும். சுமை ஏறினால் 'இப்போது வேண்டாம்' என்று போன் சொல்லவும், அடுத்த தரத்தில் இருப்பவருக்குச் செய்தி திரும்பவும் வழி வைத்தாக வேண்டும். இதைப் பின்னால் ஒட்டுகிற திருத்தமாக இல்லாமல், முதல் வரியிலேயே எழுத வேண்டும் என்பது என் கட்சி.

அடுத்த கவலை இன்னும் ஆழமானது. எங்கள் சந்தில் யார் வீட்டில் எத்தனை மணிக்கு யார் இருப்பார் என்று இட்லிக்காரருக்குத் தெரியும். யார் கேட்டாலும் சொல்லமாட்டார். புரோஃபெட்டில் இரண்டு போன்கள் சந்தித்தால், முதல் காரியமே தத்தம் சந்திப்புப் பட்டியலைக் கைமாற்றிக்கொள்வதுதான். செய்தியின் உள்ளடக்கத்தை எவ்வளவு பூட்டிவைத்தாலும், யார் யாரை எவ்வளவு அடிக்கடி சந்திக்கிறார் என்ற வரைபடம் வழிப்போக்கர் போனுக்கெல்லாம் போய்ச் சேரும். இப்படி இல்லாமலும் ஆபத்து உண்டு. ஹாங்காங் போராட்டத்தில் பரவிய பிரிட்ஜ்ஃபை செயலி, சமூகக் கணக்கு ஏதும் போடாத புளூடூத் வலை. 2020இல் லண்டன் ராயல் ஹாலோவே ஆய்வாளர்கள் அதைப் பிரித்துப் பார்த்து, செய்திகளைப் படிக்கலாம், ஆட்களைப் பின்தொடரலாம், ஒரே செய்தியால் வலையையே முடக்கலாம் என்று காட்டினார்கள்.

அதே 2020இல் கொரோனா தொற்றியவர் அருகில் இருந்திருந்தால் தெரிவிப்பதற்காக ஆப்பிளும் கூகிளும் கொண்டுவந்த அறிவிப்பு முறையில், ஒவ்வொரு போனும் 10 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை தன் அடையாள எண்ணை மாற்றிக்கொண்டது. யாரும் யாரையும் தொடரக்கூடாது என்பதற்காக. நல்ல ஏற்பாடு. ஆனால் முகப்பழக்கத்தில் வழி தேடும் வலைக்கு இது நேர் எதிரி. நேற்றுப் பார்த்த முகத்தைத்தான் இன்றும் பார்க்கிறேன் என்று தெரிந்தால்தானே பழக்கம் என்று ஒன்று உண்டு? இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எல்லோரும் முகம் மாற்றினால் ஊர் முழுக்க அந்நியர்தான். தெரிந்தவருக்கு மட்டும் அடையாளம் தெரிந்து, மற்றவருக்குத் தெரியாமல் இருக்கும்படி சாவிகளை முன்கூட்டியே பகிர்ந்துகொள்ளலாம். பெயர் தெரியாத ரயில் இளைஞரோடு யார் எப்போது சாவி பகிர்ந்துகொள்வது? அன்று வேலை செய்த கண்ணி அந்த ஏற்பாட்டில் விடுபட்டுவிடும். இதற்கு முழு விடை எழுதிய ஒரு வழிமுறையையும் நான் இன்னும் பார்க்கவில்லை.

புதன்கிழமை காலையில் எங்களுக்குச் சேதி கிடைத்தது. கிடைத்துவிட்டது என்ற சேதி அப்பாவுக்குப் போகவில்லை. வந்த வழியே திரும்பிப் போக, முதல் கண்ணியான ஏழரை மணி வண்டி அன்று ஓடவில்லை. நாங்கள் தவித்துக்கொண்டிருப்போம் என்று நினைத்து, தண்ணீர் வடியும்வரை காத்திருக்காமல், அவர் மதியம் கிளம்பி இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து, இரவு எட்டு மணிக்கு வந்து சேர்ந்தார். படியேறியதும் கேட்ட முதல் கேள்வி, "சேதி வந்துச்சா?" என்பதுதான்.

வெள்ளிக்கிழமை காலை, அம்மா அவருக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தபோது, சயான் பக்கத்திலிருந்து தெரியாத ஒருவர் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். டீக்கடையில் அந்த இரவு அந்தச் சேதியைக் கேட்ட வேறொருவர் அவரிடம் சொல்லியிருக்கிறார். "உங்க வீட்டுக்காரரு அந்தேரில பட்டறை மாடியில இருக்காராம்மா" என்று மூச்சு வாங்கச் சொல்லிவிட்டு, உள்ளே திரும்பி அப்பாவைப் பார்த்தார். அம்மா அவருக்கும் ஒரு டம்ளர் காபி ஆற்றினாள்.